கை விழுந்தால் பச்சை

பொன்னாங்காணிக் கீரை வறைக்குத் தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிளறிக்கொண்டு நின்றேன். ஆரணி வந்து குசினி வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"மாமி, ரயில்வேயில சேர என்ன செய்யோணும்?"

ஆரணி என் அண்ணாவின் ஒரே மகள். தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சின் படிப்பு முடித்தவள். இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டர்களையும் பார்த்துக்கொள்கிறாள். எந்த நேரமும் நகத்துக்குள் கறுப்பாக கிறீஸ் இருக்கும். அந்தக் கையால் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரயில் எஞ்சின் ஓட்டுவதற்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். இந்த முறை பெண்பிள்ளைகளும் விண்ணப்பம் போடலாமாம். முடிவு திகதி இந்தக் கிழமையோடு சரி.

எங்கள் வட்டாரத்தில் ரயில்வேயைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னைத்தான் காட்டுவார்கள். "அவ ரயில்வேயில இருந்து பென்சன் எடுத்த ஆள்" என்பார்கள். நான் ரயில்வேயில் இருந்ததெல்லாம் திருகோணமலை ஸ்டேசனில் ஒரு சின்ன யன்னலுக்குப் பின்னால், ஒரு கதிரையில். வந்தவர்களுக்கு டிக்கெட் கிழித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆனாலும் கேட்டால் விடுவேனா? எஞ்சினையே நான்தான் தள்ளிக்கொண்டு போனமாதிரிக் கதைப்பேன். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. சட்டியிலிருந்து எழும்பிய பச்சை வாசனை என்னை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது.

"முதல்ல பொன்னாங்காணி சாப்பிடு," என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. எங்கள் வீட்டில் ரயில்வேயில் சேர விரும்பியவருக்கு முதன்முதலாகச் சொல்லப்பட்ட புத்தி அதுதான். சொன்னவர் மூதூர் சலீம் நானா.

எங்கள் அப்பா மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் சுக்கான் பிடித்தவர். காலையில் திருகோணமலையிலிருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு குடாவைத் தாண்டி மூதூர். அங்கிருந்து திரும்ப இங்கே. இப்படியே நாள் முழுக்க. லாஞ்சில் எப்போதும் டீசல் வாசமும் கருவாட்டு வாசமும் யாரோ ஒருவருடைய மல்லிகைப்பூ வாசமும் கலந்து வரும். சலீம் நானா வீட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தினமும் அதில் வருவார். அவருக்கு ஸ்டேசன் யார்டில் வேலை; பெட்டிகளைக் கொளுவுவது, கழற்றுவது. லாஞ்சு புறப்பட்டதும், அப்பாவுக்கு உதவிக்கு நிற்கும் என் அண்ணா வேலையை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். அண்ணாவுக்கு அப்போது ஒரே ஒரு ஆசை. ரயில் ஓட்ட வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஏன் தண்டவாளத்தில் மோகம் வந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்கும். கடலில் போன வழி பின்னால் அழிந்துவிடும். தண்டவாளம் போட்ட இடத்தில் கிடக்கும்.

"ரயில்வேக்கு மூணு சாமான் வேணும் மகன்," என்றார் சலீம் நானா. "கண் வேணும். காது வேணும். மத்தது, மூத்திரத்த அடக்கிற பெலன் வேணும். எஞ்சினுக்குள்ள கக்கூசு இல்ல."

லாஞ்சு முழுக்கச் சிரித்தது. அண்ணா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்தான் முக்கியம். டாக்குத்தர் அதிலதான் புடிப்பார். உம்மாக்கிட்டச் சொல்லி பொன்னாங்காணி ஆக்கித் தின்னுங்க."

அவ்வளவுதான், எங்கள் வீடு பொன்னாங்காணிக் காடாகிவிட்டது. வறை, சுண்டல், பருப்போடு ஒரு கறி, காலையில் கஞ்சிக்குள்ளும் அதுதான். நானும் டிக்கெட் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன் என்பதால், "உனக்கும் உதவும், தின்" என்று அம்மா என் கோப்பையிலும் அள்ளி வைத்தார். இன்றைக்கும் நான் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பேன். அது கீரையின் புண்ணியமோ என்னவோ.

உண்மையைச் சொன்னால், அண்ணாவின் கண்ணுக்குக் கீரை தேவையே இல்லை. நிலாவெளியில் கரைவலைக்காரர்கள், மீன் கூட்டம் வருகிறதா என்று பார்க்க அவரைக் கூப்பிட்டு விடுவார்கள். கரையில் நின்று கையை நெற்றியில் வைத்து, "அந்தா, அதில கறுக்குது" என்பார். நாங்கள் பார்த்தால் வெறும் கடல். வலையை வளைத்து இழுத்தால் கீரி மீன் துள்ளும். வெளியே வரும் கப்பலின் பெயரை நாங்கள் கப்பலையே காண முன்னர் வாசித்துவிடுவார். சலீம் நானா சும்மா நின்ற ஒரு சாமான் ரயில் பெட்டியில் சோக்கால் எழுத்துகளை எழுதி வைத்து, யார்டின் மறுகோடித் தொங்கலில் அண்ணாவை நிறுத்தி வாசிக்க விடுவார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, தலைகீழாய் எழுதிய எழுத்து, எல்லாம் சரி. "இந்தக் கண்ணுக்கு டாக்குத்தரே சலாம் போடுவார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதையெல்லாம் அந்த எழுத்து வாசிக்கும் சோதனைக்காகவே செய்தோம் பாருங்கள். நிறத்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. நிறம் தெரியாத கண் என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. லாஞ்சின் இரண்டு பக்கத்திலும் விளக்குக்குப் பின்னால் ஒவ்வொரு பலகை இருக்கும். இடப்பக்கப் பலகைக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்குப் பச்சை. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு முன்னர் லாஞ்சைக் கழுவிப் பெயின்ற் அடிப்பது வழக்கம். அந்த நாட்களில் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எல்லாரும் மூதூர்வரை லாஞ்சில்தான் போவார்கள். பெயின்ற் அடிப்பது அண்ணாவின் வேலை. டின்னை எடுத்துக் கொடுப்பது என்னுடைய வேலை. "தங்கச்சி, சிவப்பு டின்னை எடு" என்பார். டின் அவருடைய காலடியில்தான் இருக்கும். என்னைச் சும்மா ஏவுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருசம் எனக்குக் காய்ச்சல். மழையில் டின்களின் பேப்பரும் உரிந்துபோய் இருந்தது. அன்றைக்கு அண்ணா தனியாக நின்று, இடப்பக்கத்துக்குப் பச்சையும் வலப்பக்கத்துக்குச் சிவப்பும் அழகாக, ஒரு சொட்டு வழியாமல் அடித்து வைத்தார்.

அப்பா லாஞ்சு கட்டும் ஜெட்டியில் நின்று தலையில் கை வைத்தார். "கனவு கண்டுகொண்டோ பூசினனி?" என்று கேட்டார். ஜெட்டியில் நின்ற சனம் சிரித்தது. அண்ணாவும் சேர்ந்து சிரித்தார். கனவு காணும் பிள்ளை என்று ஊரே முடிவு கட்டியிருந்ததால் அதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை. செடியில் பழுத்த மிளகாயைக் கூட அவர் விரலால் அமத்திப் பார்த்துத்தான் பிடுங்குவார். எங்களுக்கு அதுவும் ஒரு பகிடி.

துறைமுக விளக்குகளை மட்டும் அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. வெளியே போகும்போது வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சை. உள்ளே வரும்போது மாறிவிடும். பாறைக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஒரு பச்சை. அப்பா கேட்கக் கேட்க அண்ணா வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பார். அவர் நிறத்தைச் சொல்லவில்லை, இடத்தைச் சொன்னார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் இரண்டு பேருக்கும் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் ஒரே நேரத்தில் வந்தது. எனக்கு நேர்முகம், அண்ணாவுக்கு வைத்தியப் பரிசோதனை. அப்பா லாஞ்சை வேறொருவரிடம் விட்டுவிட்டு, வேட்டியை அயர்ன் பண்ணி உடுத்திக்கொண்டு எங்களைக் கூட்டிப்போனார். என்னுடையது சுருக்கமாக முடிந்துவிட்டது. எழுதச் சொன்னார்கள், கணக்குக் கூட்டச் சொன்னார்கள், சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டார்கள். முடிந்ததும் அண்ணாவின் அறைக்கு வெளியே நீளமான வாங்குப் பலகையில் போய் இருந்தேன். அப்பா வெற்றிலை வாங்கப் போய்விட்டார். அறைக் கதவு சாத்தவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும்.

எழுத்துப் பலகையை அண்ணா கடகடவென்று வாசித்தார். அடியில், அச்சடித்த கம்பனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்ததாம், கேட்காமலே அதையும் வாசித்துக் காட்டினார். உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. எனக்கு வாங்கில் இருக்கவே பெருமையாய் இருந்தது.

பிறகு ஏதோ புத்தகம் திருப்புகிற சத்தம். புள்ளி புள்ளியாய் நிறம் போட்ட பக்கங்களாம்; அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு இலக்கம் இருக்குமாம். அண்ணாவின் குரல் நின்றுவிட்டது. பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யன்னலைச் சாத்தினார்கள். அறை இருண்டது. திரை இடுக்கால் தெரிந்தது, ஒரு பெட்டிக்குள் சின்ன விளக்கு.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"இது?"

"...பச்சை. இல்லை, சிவப்பு."

"இது?"

இந்த முறை அண்ணா கேட்டார்: "ஐயா, இது எந்தப் பக்கத்தில நிக்கிற லைட்டு?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. டாக்டருக்கு விளங்கவில்லை. வெளியில் இருந்த எனக்கு விளங்கிவிட்டது. டின், பலகை, மிளகாய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

டாக்டர் சிங்களவர், நல்ல மனிதர். தெரிந்த தமிழில் மெதுவாகத்தான் சொன்னார். "தம்பி, ஒங்கட கண் நல்ல கண். ரயிலுக்கு மட்டும் சரிவராது. இது நோய் இல்ல. குடும்பத்தில வாறது." அண்ணா வெளியே வந்தபோது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "அவையளின்ர லைட்டு சரியில்லை" என்று மட்டும் சொன்னார். நானும் "ஓம்" என்றேன்.

திரும்பி வந்தது பகல் ரயிலில். அப்பா சாய்ந்து நித்திரை. நானும் அண்ணாவும் யன்னலோரம் எதிரெதிரே. வயலும் தென்னையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஸ்டேசனை நெருங்கும்போது அண்ணா தலையை வெளியே நீட்டி, சிக்னல் கைகாட்டி மரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, அது என்ன நிறம்?"

"கையோ? கை சிவப்பு அண்ணா."

"சரி. இப்ப போகலாமோ, நிக்கோணுமோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"கை விழுந்திருக்கு. கை விழுந்தால் பச்சை. போகலாம்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கைகாட்டிக்கும் நான் நிறத்தைச் சொல்ல, அவர் போகலாமா நிற்க வேண்டுமா என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாகோவிலும் கல்லோயாவிலும் சொன்னார். கல்லோயா தாண்டினால் காடு. தண்டவாளத்தில் யானை நிற்கும் என்று ரயில் ஊர்ந்து ஊர்ந்து கூவிக்கொண்டு போகும். காட்டுக்குள்ளே வெயில் சல்லடை போட்டமாதிரி விழுந்தது. கந்தளாய்க் குளத்துக் காற்று யன்னலால் வந்தது. அண்ணா ஒரு இடத்திலும் பிழைவிடவில்லை. ரயில் எல்லா இடத்திலும் அவர் சொன்னபடிதான் போனது, அவர் சொன்னபடிதான் நின்றது. தம்பலகாமம் தாண்டியபோது, "பகலில மட்டும் ஓட்ட விட்டால் நான் ஓட்டுவன்," என்றார். இருட்டினால் கை தெரியாது, கைக்குப் பக்கத்துக் கண்ணாடியின் நிறம் மட்டும்தான் தெரியும் என்று சலீம் நானா சொன்னதை இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

நான் வேலையில் சேர்ந்தேன், அண்ணா லாஞ்சில் நின்றுவிட்டார். மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து யன்னலால் தருவார். உள்ளே வரச்சொன்னால் வரமாட்டார். எங்கள் ஸ்டேசனுக்கு மான்கள் வரும். மேடையில் பயணிகளை விட அவைதான் ஒழுங்காக வரிசையில் நிற்கும். சாப்பாடு சுற்றிய வாழையிலைக்கு நானும் மானும் மல்லுக்கட்டுவதைப் பார்த்து அண்ணா சிரித்துவிட்டு, எஞ்சின் நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார். என் மேசையில் மட்டை டிக்கெட்டுக்குத் திகதி குத்தும் இரும்பு மெசின் ஒன்று இருந்தது. நாள் முழுக்க டக், டக் என்று குத்துவேன். அவர் அதை வேலி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார் என்று சலீம் நானா ஒருநாள் சொன்னார்.

பிறகு சண்டை, பிரச்சினைக் காலம். ரயில் வராத வருசங்கள் வந்தன. லாஞ்சு போகாத நாட்களும். அண்ணா பிந்தித்தான் கலியாணம் செய்தார். அண்ணி, ஆரணி சிறுபிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டா. பாலங்கள் வந்தன, மூதூருக்குப் பஸ் ஓடியது, லாஞ்சு நின்றது. அண்ணா வீட்டு முற்றத்தில் வள்ள எஞ்சின் திருத்தத் தொடங்கினார். ஆரணி அந்த எஞ்சின்களுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். தன் அப்பாவுக்கு ரயிலில் வேலை கிடைத்ததாகவும், பிரச்சினைக் காலத்தால் போகமுடியவில்லை என்றும்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணா மறுக்கவில்லை, நானும் திருத்தவில்லை.

சரி, வறைச் சட்டிக்கு வருவோம். ஆரணிக்குச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிங்களத்தை வடிவாகப் படி. கட்டளையெல்லாம் அதில்தான் வரும், விளங்காமல் தலையாட்டினால் ஆபத்து. எஞ்சினைப் பற்றி உனக்குத் தெரிந்ததை முதல் வருசம் வாய்க்குள் வைத்துக்கொள். எந்த ஊருக்கும் மாற்றுவார்கள், மலைநாட்டுக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வை. எஞ்சினுக்குள் இன்னும் கக்கூசு இல்லையாம், பெண்களை எடுக்கிறவர்கள் அதற்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நேர்முகத்தில் வெட்கப்படாமல் கேள்.

"அப்பா வேணாமாம்," என்றாள் ஆரணி.

"ஏனாம்?"

"யானை குறுக்க வருமாம். வேலை முடிய நேரமாகுமாம். ஆம்பிளையளோட தங்கோணுமாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நான் பொம்பிளைப்பிள்ளை எண்டபடியால்தான் வேணாம் எண்டுறார் மாமி. எஞ்சினைத் தூக்கி என்ர கையில தந்து பழக்கின மனுசன். அவரே இப்பிடிச் சொன்னால் நான் ஆரிட்டப் போறது?"

கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. எனக்கு எழும்பிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல் இருந்தது. ஆனால் அது அண்ணா சொல்ல வேண்டிய கதை.

பின்னேரம் அவரிடம் போனேன். ஒரு புரொப்பெல்லரை மடியில் வைத்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குக் கண் நல்லாத்தான் இருக்கு அண்ணா. என்ர சீலைக்கெல்லாம் அவள்தான் நிறம் பாத்துச் சட்டைத் துணி தெரியிறவள்."

"நானும் உடுப்புத் தெரிஞ்சு உடுத்தனான்தானே. ஆரும் கண்டுபிடிச்சனீங்களோ?"

"இது பொம்பிளைப்பிள்ளையளுக்கு அநேகமா வராதாம். ஆஸ்பத்திரியில நேர்ஸ் பிள்ளையிட்டக் கேட்டனான்."

"அநேகமா," என்றார் அண்ணா. அரத்தைக் கீழே வைத்தார். "அநேகமாவில ஏறி எஞ்சின் ஓட்ட ஏலாது தங்கச்சி. அந்த இருட்டு அறைக்குள்ள நான் நிண்டன். அவளும் அதுக்குள்ள போய் நிண்டு, இல்லையெண்டு கேட்டுப்போட்டு வரோணுமோ? என்னாலதான் எண்டு தெரிஞ்சால்?"

ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டலாமே என்றேன். மடியில் இருந்த புரொப்பெல்லரை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல நான் பாக்கோணும்," என்றார். நிறம் தெரியாத மனிதர் மகளின் கண்ணை எப்படிப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். ஆரணியையும் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு பழைய லாஞ்சு ஜெட்டிப் பக்கம் நடந்தார். லாஞ்சு நின்ற பிறகு அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் எண்ணெய் ஊற்றினமாதிரி அசையாமல் கிடந்தது. ஒவ்வொன்றாக விளக்குகள் வரத் தொடங்கின. அண்ணா ஜெட்டிக் கட்டின்மேல், வெளிவாசலைப் பார்த்து இருந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இந்த உலகத்திலேயே சிவப்பு எது பச்சை எது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் இது ஒன்றுதான். ஆரணிக்கு இடம் தெரியாது. அவள் கண்ணால் மட்டும்தான் சொல்ல முடியும்.

"வலப்பக்கம் கிட்ட நிக்கிறது என்ன நிறம்?"

"சிவப்பு," என்றாள் ஆரணி. முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். ஏன் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அதுக்கு நேர இடப்பக்கம்?"

"பச்சை."

"அங்கால தூரத்தில?"

"சிவப்பு. மற்றப் பக்கம் பச்சை."

ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் மூச்சை விட்டேன்.

"பாறைக்குப் பக்கத்தில, கீழ?"

"சிவப்பு."

அண்ணா திரும்பவில்லை. "வடிவாப் பார்."

"சிவப்பு அப்பா."

"அவசரப்படாமல் பார் பிள்ளை. கம்பத்தில நிக்கிறது."

"பாத்துத்தான் சொல்றன். சிவப்பு."

அண்ணாவின் கை முழங்காலைப் பிடித்துக்கொண்டது. முகம் வெளிறிப்போய், "குடும்பத்தில வாறது" என்று தனக்குள்ளே சொன்னார். நானும் எழும்பி நின்று பார்த்தேன். நல்ல இரத்தச் சிவப்பு. கம்பத்தைத் தேடினேன், கம்பமே இல்லை. அந்த இடத்தில் ஏதோ புது இறங்குதுறை கட்டி, அதன் நுனியில் விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணா," என்றேன். "அது சிவப்புத்தான். எங்கட பச்சையைக் கழட்டிப்போட்டினம். இது வேற லைட்டு."

"கழட்டிப்போட்டினமோ?"

"ஓம். கம்பமும் இல்லை."

அண்ணா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். ஆரணி அவருக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள்.

"அப்பா, அது சிவப்பு எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"எனக்கு ரெண்டும் வெளிச்சந்தான் பிள்ளை," என்றார் அண்ணா. "எந்த இடத்தில நிக்குது எண்டுதான் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். எழுத்துப் பலகை, புள்ளிப் புத்தகம், இருட்டு அறை. டாக்டரிடம் கேட்ட கேள்வியையும் சொன்னார். அதை நான் வெளியில் இருந்து கேட்டேன் என்பது நான் சொல்லி அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொம்பிளைப்பிள்ளை என்பதால் இல்லை, தன்னுடைய பிள்ளை என்பதால்தான் பயந்ததாகச் சொன்னார். ஆரணி கிறீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். முடிவு திகதிக்கு முன்னர், அங்கேயே, அந்தக் கட்டின்மேல் இருந்துகொண்டே ஃபோனில் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் போகிறாள். அண்ணா தானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது இளம்பிள்ளைகள் யாராவது என்னிடம் ரயில்வேயைப் பற்றிக் கேட்டால், கீரையை விட்டுவிட்டு முதலில் நிறத்தைச் சோதியுங்கள் என்று சொல்லப் போகிறேன். நான் சொல்லக்கூடிய மற்றதெல்லாம் பழசாகிப் போய்விட்டது. மட்டை டிக்கெட் இல்லை, அந்த டக் சத்தம் இல்லை. கைகாட்டி மரங்களும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. விழுவதற்குக் கை இல்லாமல், வெறும் நிற விளக்குகள் வருகின்றன. சலீம் நானா இல்லை. அவர் வந்த லாஞ்சு எங்கே கிடந்து உக்கியது என்றும் தெரியாது.

அன்றைக்கு நாங்கள் உடனே எழும்பி வரவில்லை. ஆரணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருகாலத்தில் ரயிலில் சொன்னமாதிரி, ஒவ்வொரு விளக்காகச் சொல்லத் தொடங்கினாள். "அது சிவப்பு அப்பா. அது பச்சை. அது சும்மா வெள்ளை, ஆரோ ஹோட்டல்காரன்." அண்ணா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு குடாவின் நடுவில், ஒன்றுமில்லாத இருட்டைக் காட்டினார்.

"அதில ஒரு லைட்டு நிண்டது. மூதூருக்குத் திரும்பிற இடம்."

"என்ன நிறம் அப்பா?"

"சிவப்பு எண்டு உங்கட அப்பப்பா சொன்னவர்," என்றார் அண்ணா.

அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஆரணி அதையும் வடிவாகப் பார்த்துக்கொண்டாள்.